மசேரிக்கு முன்னால் ஒரு வாய் கஞ்சி

நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் நான். அப்படிப்பட்டவள் பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்திருப்பதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஊரில் எட்டாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் அம்மாவுக்குப் போட்ட இன்லாண்டு கடிதங்கள்தான். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சொல்லப்போகிற விஷயத்தில் தப்பு இல்லை.

இது அறுபதுகளின் நடுவில், பம்பாய் தாராவியில் நடந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி அங்கே வந்திருந்தேன். என் கணவருக்கு டேனரியில் வேலை. தோல் ஊறப்போட்ட தண்ணீரில் நின்று நின்று அவர் கால்விரல் இடுக்கெல்லாம் வெளுத்துப் போயிருக்கும். எங்களுக்கு ஒரே அறை. வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு அறைகள், முக்கால்வாசி எங்கள் ஊர்க்காரர்கள். எங்கள் சுவருக்கு அடுத்த அறையில் மட்டும் ஒரு மராத்திக்கார அம்மாள் இருந்தாள். எல்லாரும் அவளை மாவ்ஷி என்று கூப்பிடுவார்கள். மராத்தியில் சித்தி என்று அர்த்தம்.

வந்த புதிதில் எனக்குக் கடவாய்ப் பல்லில் வலி. கன்னம் வீங்கி, தலையணையில் முகம் புதைத்துக் கிடந்தேன். கணவர் வேலைக்குப் போய்விட்டார். யாரிடம் என்ன சொல்வது என்று தெரியாது, ஹிந்தியும் தெரியாது. சுவர் வழியாக என் முனகலைக் கேட்டுவிட்டு மாவ்ஷிதான் வந்தாள். விரல் நுனியில் கறுப்பாக ஒரு பொடியைத் தொட்டு, என் வாயைத் திறக்கச் சொல்லி, ஈறில் வைத்துத் தேய்த்தாள். கொஞ்சம் தலை சுற்றியது. பிறகு வலி மரத்துப் போனது. அந்த ஊரில் என்னைத் தொட்டு ஆறுதல் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

அந்தப் பொடிக்கு மசேரி என்று பெயர். வாரம் ஒருநாள் மாவ்ஷி இரும்புத் தவாவில் அதற்கான இலையை வறுப்பாள். இலை கருகிப் புகையும்போது வரிசை முழுக்க அந்த வாசனை நிற்கும். பிறகு இடித்து, துணியில் சலிப்பாள். அந்த வாசனை வந்ததுமே எங்கள் பெண்கள் காலி பவுடர் டப்பாவையும் மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கொண்டு அவள் வாசலில் கூடிவிடுவார்கள். யாருக்கும் இல்லை என்று அவள் சொன்னதில்லை. என் டப்பாவை மட்டும் தட்டித் தட்டி அழுத்தி நிரப்புவாள்.

காலையில் எழுந்ததும் வாயில் மசேரி. அது இல்லாமல் காலைக்கடன் ஆகாது என்பது எங்கள் வரிசையில் எழுதாத சட்டம். மசேரியைத் தேய்த்து வாயில் அடக்கிக்கொண்டே எல்லாரும் குழாயடிக்குப் போவோம். வாய் நிறைய எச்சில் ஊறியிருக்கும்போது பேச முடியாது. பேசுவதென்றால் துப்ப வேண்டும். மற்றவர்கள் துப்பித் துப்பிப் பேசுவார்கள். நான் துப்பவே மாட்டேன். கூச்சக்காரிக்கு அதைவிட நல்ல சாக்கு எங்கே கிடைக்கும்?

குழாயடியில் ஆள் வரிசை கிடையாது, வாளி வரிசைதான். முதலில் வாளி வைத்தவளுக்கு முதலில் தண்ணீர். ஆனால் எதிர் வரிசையில் ஓர் அக்கா இருந்தாள். அவள் குரல் மாகிம் வரை கேட்கும் என்று கணவர் சொல்வார். தினமும் அவள் வந்து என் வாளியைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டுத் தன் வாளியை அங்கே வைப்பாள். நான் மசேரியை அடக்கிக்கொண்டு பேசாமல் நிற்பேன். எனக்கு ஊமச்சி என்று பெயர் வைத்ததும் அவள்தான். வரிசை முழுக்க அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இந்த நிலையில்தான் என் முதல் பிள்ளை குறை மாதத்தில் பிறந்து, உள்ளங்கை அகலத்துக்கு இருந்து, பொழுது சாய்வதற்குள் போய்விட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வராது. மறுபடி உண்டானபோது சந்தோஷத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. இதுவும் தங்காவிட்டால் நான் என்ன ஆவேன் என்று தெரியவில்லை. கணவர் என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் முனிசிபாலிட்டி பிரசவ ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வேலைக்கு ஓடினார்.

அங்கே இருந்த டாக்டரம்மா மாட்டுங்காத் தமிழ்க் குடும்பத்துப் பெண். பதமாகப் பேசுவார். "ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு. நன்னா சாப்பிடணும், என்ன?" என்பார். நான் தலையை ஆட்டுவேன். வெளியே வாசல் வரை பெண்கள் நிற்கும்போது அவரும் எவ்வளவுதான் பேசுவார்?

எடை பார்க்கும் இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு நர்ஸ் நிற்பாள். மராத்திக்காரி. ஒல்லியாக இருப்பாள், கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை மொடமொடவென்று நிற்கும். தமிழை அவள் எங்கள் பெண்களிடமிருந்தே கற்றுக்கொண்டிருந்தாள். அதனால் அவள் பேசினால் அச்சாகத் திருநெல்வேலிதான். மரியாதைப் பேச்சு மட்டும் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. மாமியார் வயதுக்காரிகளையும் "ஏ பிள்ள" என்றுதான் கூப்பிடுவாள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

ஒவ்வொருத்தியும் எடை இயந்திரத்தில் ஏறி இறங்குவதற்குள் அவள் ஏதாவது ஒன்று கேட்பாள். ஒன்றே ஒன்றுதான். அடுத்த தடவை போனால் அதே விஷயத்தை மட்டும் விசாரிப்பாள். ஒருத்தியிடம் செருப்பு, ஒருத்தியிடம் கொதிக்க வைத்த தண்ணீர், ஒருத்தியிடம் பகலில் கொஞ்சம் படுத்தாளா என்பது. பிரசங்கமெல்லாம் கிடையாது.

முதல் நாள் என்னிடம் கேட்டது இது.

"ஏ பிள்ள, பொகையில போடுவியா?"

"சீ, இல்ல சிஸ்டர்."

நான் பொய் சொல்லவில்லை. புகையிலை என்றால் எங்களுக்கு வெற்றிலையோடு கிழவிகள் போடுவது. பெஞ்சில் இருந்த எல்லாருமே இல்லை என்றுதான் சொன்னார்கள்.

அடுத்த தடவை போனபோது என் எடை கூடவே இல்லை. நர்ஸ் முள்ளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என் தோளைப் பிடித்து இறக்கிவிட்டு, "காலைல எந்திச்சதும் மொதல்ல என்ன செய்வ? வரிசையாச் சொல்லு" என்றாள்.

"மசேரி தேய்ப்பேன்."

"அப்பறம்?"

"தண்ணி புடிப்பேன். அவுகளுக்குச் சோறு கட்டிக் குடுப்பேன். துணி தொவைப்பேன். நடுவுல ஒருவாட்டி மசேரி."

"சாப்பாடு எப்ப?"

"பசிக்கையில."

"பசி எப்ப வரும்?"

யோசித்துப் பார்த்தேன். "மத்தியானத்துக்கு மேலதான் வரும்."

"பொகையில போடலன்னு சொன்னியே?"

"அது பல்லுப்பொடில்லா சிஸ்டர்?"

பின்னால் நின்ற பெண்களும் ஆமாம் என்றார்கள். நர்ஸ் சிரிக்கவில்லை. ரொம்ப சாதாரணமாக, "தவாவுல போட்டு வறுக்காளே, அது என்ன எல?" என்று கேட்டாள்.

வாரா வாரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சந்தையிலிருந்து கட்டாக வரும் காய்ந்த இலை. அது என்ன இலை என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் கறுத்துப் பொடியாகி டப்பாவுக்குள் போனதும் அது வேறு சாமான் ஆகிவிட்டதாக நாங்கள் அத்தனை பேரும் நினைத்திருந்தோம். பின்னால் நின்ற ஒருத்தி, "ஏ யம்மா!" என்று தன் கன்னத்தில் கை வைத்தாள்.

நான் மெதுவாக, "மொதப் பிள்ள போனது இதனாலயா சிஸ்டர்?" என்று கேட்டேன். அது என் வயிற்றிலிருந்து வந்த கேள்வி.

நர்ஸ் சொன்னாள்: "அப்படி நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. அது பசியக் கொல்லுது, அது எனக்குத் தெரியும். சோறு உள்ள போனாத்தான் பிள்ளைக்குப் போவும். விட்டுருன்னு இன்னைக்கு நான் சொல்லல. காலைல மொதல்ல ஒரு வாய் கஞ்சி. அப்பறம் மசேரி. அவ்வளவுதான். அடுத்த தடவ வரும்போது இத மட்டும் எனக்குச் சொல்லு. சலோ, அடுத்த ஆளு!"

இவ்வளவுதான் நடந்தது. ஒரு வாளி நிறைகிற நேரம்கூட இருக்காது.

மறுநாள் காலையில் பழைய கஞ்சியில் உப்புப் போட்டு, ஒரு வாய் வைத்தேன். குமட்டியது. கண்ணில் தண்ணீரோடு விழுங்கினேன். அப்புறம்தான் டப்பாவைத் திறந்தேன். நாலைந்து நாளில் ஒரு வாய் என்பது ஒரு கிண்ணம் ஆயிற்று. கஞ்சிக்குப் பிறகு தேய்த்தால் மசேரி முன்போல ருசிக்கவில்லை. பகலில் தேய்ப்பது தானாக நின்றது. அதற்குப் பிறகு ஒருநாள், காலையிலும் விட்டுத்தான் பார்ப்போமே என்று தோன்றியது.

சொல்வது சுலபம். தலை இரண்டாகப் பிளப்பதுபோல வலித்தது. எரிச்சலில் கணவரின் சாப்பாட்டுத் தூக்கை நங்கென்று வைத்தேன். அவர், "தூக்கு என்ன பாவம் செஞ்சிது?" என்று கேட்டுவிட்டுப் போனார். காலைக்கடன் விஷயத்தில் பட்ட பாட்டை இங்கே எழுத முடியாது. வெந்நீர் குடித்துவிட்டு நடையாக நடந்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அதையெல்லாம்விடக் கஷ்டமானது மாவ்ஷிதான். டப்பா எடுத்துக்கொண்டு நான் போகாததைக் கண்டு அவளே ஒரு டப்பாவை நிரப்பி எடுத்து வந்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "க்யா போரி, மேரே ஹாத் கா நஹி சாஹியே?" என்றாள். என் கை பட்டது உனக்கு வேண்டாமா என்று கேட்கிறாள். அப்படி இல்லை என்று விளக்கிச் சொல்ல எனக்கு ஹிந்தியும் போதவில்லை, தைரியமும் போதவில்லை. வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். அவள் முகம் கறுத்தது. டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். அதன்பிறகு சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சே இல்லை.

அந்த வாரம் அவள் வறுத்தாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. புகை வெளியே போகாமல் எங்கள் அறைக்குள் வந்து நின்றது. என் வாயெல்லாம் ஊறியது. இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் அவள் வாசலில் போய்க் கையேந்திவிடுவேன் என்று தெரிந்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே இறங்கி, மழையில் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன்.

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். "இன்னைக்கு உன் நாள் இல்லையே?"

"மாவ்ஷி வறுக்கா சிஸ்டர்."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. பெஞ்சைக் காட்டி "உக்காரு" என்றாள். ஒரு உலர்ந்த துண்டைத் தூக்கிப் போட்டாள். எடை பார்க்க வந்தவர்களின் பிள்ளைகளை என் மடியில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தாள். அழுத பிள்ளை, சிரித்த பிள்ளை, என் புடவையை நனைத்த பிள்ளை. மழை விட்டதும், "இப்ப வறுத்து முடிச்சிருப்பா. போ" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அன்று அந்தப் பெஞ்சு இல்லாவிட்டால் நான் தோற்றுப்போயிருப்பேன்.

அடுத்த வாரம் வறுக்கும் நாள் வந்தது. காலையிலிருந்தே கிளம்பத் தயாராக இருந்தேன். மத்தியானம் ஆயிற்று, வாசனை வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. பிறகுதான் தெரிந்தது. மாவ்ஷி தவாவையும் இலைக் கட்டையும் தலையில் தூக்கிக்கொண்டு, செம்பூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய் வறுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். என்னிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் பிரசவம் வரை அவள் எங்கள் வரிசையில் தவாவை அடுப்பில் ஏற்றவே இல்லை. தான் மட்டும் கடைசிவரை தேய்த்தாள், அது வேறு.

இனி குழாயடிக்கு வருகிறேன். வாயில் மசேரி இல்லாமல் அங்கே போய் நிற்பது புடவை கட்டாமல் நிற்பதுபோல இருந்தது. வாய் சும்மா இருந்தால் யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களே! வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்த மாதம். அன்று என் வாளி வரிசையில் முன்னால் இருந்தது. வழக்கம்போல அந்த அக்கா வந்தாள். வழக்கம்போல என் வாளியைக் காலால் தள்ளினாள்.

வழக்கம்போல நான் பேசாமல்தான் இருந்திருப்பேன். ஆனால் சாக்குச் சொல்ல வாயில் ஒன்றும் இல்லை.

"யக்கா, அது என் வாளி" என்றேன்.

முதலில் யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இரண்டாம் தடவை சொன்னபோது தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே என் குரல் எழும்பியது.

"யக்கா! அது என் வாளி. எடுத்த எடத்துல வையுங்க. வயித்துப்பிள்ளக்காரி வாளியக் காலால தள்ளுதியளே, நல்லாருக்கா?"

குழாயடி அப்படியே நின்றுவிட்டது. துப்பப் போனவளும் துப்பாமல் நின்றாள்.

அக்கா இடுப்பில் கை வைத்துச் சுற்றிலும் பார்த்தாள். "யாருட்டி இப்பப் பேசுனது?"

"நாந்தான். ஊமச்சி."

ஒரு நிமிஷம் என்னையே உற்றுப் பார்த்தாள். அடி விழும் என்றுகூட நினைத்தேன். திடீரென்று அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "ஏ, ஊமச்சிக்கு வாய் வந்துட்டு பாருங்கட்டி! இத்தன நாளா இத எங்கட்டி ஒளிச்சு வச்சிருந்த?"

"மசேரிக்கு அடியில."

எப்படி அந்தப் பதில் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குழாயடி முழுக்கச் சிரித்தது. அக்கா குனிந்து என் வாளியைத் தன் கையாலேயே எடுத்து, இருந்த இடத்தில் வைத்தாள். வீட்டுக்கு வந்து அந்த வாளியை இறக்கிவைத்துவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். பிறகு நன்றாகப் பசித்தது. மீன்குழம்பு ஊற்றி ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டேன். சாப்பிடும்போது பிள்ளை உள்ளே உதைத்தது.

மாதம் நிறைந்து, ஒரு காலையில் வலி எடுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் முதல் பிள்ளையின் ஞாபகம்தான். வெயில் ஏறுவதற்குள் பெண் பிறந்தாள். அழுகை கேட்கிறதா, கேட்கிறதா என்று நான் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்போதே வார்டு அதிர அழுதாள். அந்த எதிர்வரிசை அக்காவின் குரல் என் பெண்ணுக்கு எப்படி வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் தெரிந்து எங்கள் நர்ஸ் வந்தாள். பிள்ளையைத் தானே தூக்கித் தராசுத் தட்டில் வைத்தாள். தட்டு தொப்பென்று கீழே இறங்கியது. அந்தச் சத்தம் எனக்குக் கோயில் மணிச் சத்தம் போல இருந்தது. நர்ஸ் முள்ளைப் பார்த்தாள், பிறகு அன்றைக்குப் பார்த்ததுபோலவே என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் குரலை மட்டும் விறைப்பாக வைத்துக்கொண்டு, தூரத்திலிருந்தே சத்தமாகக் கேட்டாள்:

"ஏ பிள்ள, இன்னைக்குக் காலைல எந்திச்சதும் மொதல்ல என்ன செஞ்ச?"

வார்டில் அத்தனை கட்டில்களிலும் பெண்கள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சம் வரவில்லை.

"பிள்ள பெத்தேன் சிஸ்டர்!" என்று கத்தினேன்.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. டாக்டரம்மாகூட வாசலில் நின்று சிரித்தார். சாயங்காலம் மாவ்ஷி வந்தாள். பிள்ளை பெற்றவளுக்கென்று அவர்கள் பிசின் போட்டு உருட்டும் லட்டு ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்திருந்தாள். மசேரி டப்பாவைப் போலவே அதையும் தட்டித் தட்டி அழுத்தி நிரப்பியிருந்தாள். ஒன்றை எடுத்து என் வாயில் அவளே வைத்தாள். இந்தத் தடவை நான் வாயை நன்றாகத் திறந்தேன்.

இப்போது எனக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. அந்தப் பெண் வளர்ந்து, தாதரில் ஓர் ஆபீஸுக்குப் போய் வருகிறாள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். இதை நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பெரிய பெரிய பேச்செல்லாம் கேட்டிருக்கிறேன், ஒன்றும் ஞாபகம் இல்லை. எடை இயந்திரத்திலிருந்து இறங்குவதற்குள் ஒருத்தி கேட்ட அந்த ஒரு கேள்விதான் எனக்குப் பிள்ளையையும் கொடுத்தது, பேச வாயையும் கொடுத்தது என்று இன்றைக்கும் காலையில் முதல் வாய் கஞ்சி குடிக்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. பிள்ளை பிறந்த மறுநாள் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று என் கணவர் ஆஸ்பத்திரிக்கு வந்து சொன்னார். எங்கள் வாளிதான் வரிசையில் முதலாவதாக இருந்ததாம். வைத்தது அவர் இல்லை, எதிர் வரிசை அக்கா.